மருந்து ஏற்றி வந்த பின் குமட்டல்

(பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் பேசியது)



புற்றுநோய்க்கு மகரகமவிலோ கண்டியிலோ மருந்து ஏற்றி வந்தவர், "இனி என்னால ஏலாது, அடுத்த கிளினிக்குக்குப் போகல" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஓங்காளம் அப்படிப்பட்டது. ஆனால் இடையில் நிறுத்தினால் நோய்க்குத்தான் லாபம்.

முதலில் வாடையைப் பாருங்க. லயத்துக் காம்பராவில் அடுப்பும் படுக்கையும் கிட்டத்தானே இருக்கு. அந்த நாட்களில் கருவாடு பொரிக்க வேண்டாம். தாளிக்கும் நேரம் அவரை இஸ்தோப்பில் காற்றுப்பட உட்கார வையுங்கள். சுடச்சுடக் கொடுப்பதுதான் பாசம் என்று நினைக்கிறோம்; ஆறிய சாப்பாட்டில் வாடை குறைவு, அதுதான் உள்ளே இறங்கும். கோப்பை நிறையப் போட்டு வற்புறுத்தாதீங்க. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நாலு வாய் கஞ்சி, ஒரு பிஸ்கட் போதும். தண்ணியை மிடறு மிடறாகக் கொடுங்கள். சாப்பிட்ட உடனே படுக்க விடாதீங்க.

இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ சிலருக்குக் கேட்கும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பவர் மட்டும் முதலில் டொக்டரிடம் கேட்கணும். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக்கு நடுவில் கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிஷம் அமத்தியும் பார்க்கலாம்.

இதெல்லாம் செய்தாலும் டொக்டர் தந்த வாந்திக் குளிசையை விடக்கூடாது. வாந்தி வருமுன்னே குடிக்க வேண்டியது அது. கேட்காமல் கசாயமும் கொடுக்காதீங்க.

ஒரு நாளாகத் தண்ணிகூட வயிற்றில் தங்காவிட்டால், அல்லது காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.