தவளையைக் கண்டவர் யார்?



தவளையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடவுளைப் பற்றிப் பேசினால் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவர்கள்கூடத் தவளைக்காக உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா?

சிறுவயதில், மழை வேண்டித் தவளைக்குக் கல்யாணம் செய்த ஊர்வலத்தில் நானும் தாம்பாளம் தூக்கியவன்தான். மழை வரவில்லை. மந்திரம் சொன்னவருக்குத் தட்சணை மட்டும் வந்தது. அந்தத் தவளையின் காலில் எத்தனை விரல் என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

பார்த்தவர்கள் கதையைக் கேளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இடுக்கிப் பக்கம் கிடைத்த ஒரு தவளையை, 2003ஆம் வருஷத்தில் பிஜு என்ற மலையாளியும் பொசூய்ட் என்ற பெல்ஜியம் தேசத்தாரும் புதிய இனம் என்று எழுதி வெளியிட்டார்கள். ஊதா நிறம், உப்பின உடம்பு, கூரான வெளுத்த மூக்கு. வருஷம் முழுவதும் மண்ணுக்குள் இருந்து கறையான் தின்னும். முதல் மழைக்குச் சில நாள் மாத்திரம் மேலே வந்து, ஓடையில் முட்டையிட்டுவிட்டு மறுபடியும் மண்ணுக்குள் போய்விடும். மலையாளத்தில் இதைப் பாதாளத் தவளை என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வருவதால் மாவேலித் தவளை என்பாரும் உண்டு. வாமனன் பாதாளத்துக்கு அனுப்பியதாகச் சொல்லும் மாவேலியை யாரும் போய்ப் பார்த்து வந்ததில்லை, தவளையைப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு இட்ட விஞ்ஞானப் பெயர் ‘நாசிகாபட்ராகஸ் சாஹ்யாத்ரென்சிஸ்’. பாதி சமஸ்கிருதம், பாதி கிரேக்கம். ‘மூக்கு’ என்று நமக்கொரு சொல் இருப்பது அவர்களுக்கு நினைவு வரவில்லை போலும், போகட்டும்.

புதிது என்று எப்படிச் சொன்னார்கள்? ரிஷி கனவு கண்டா? பிடித்ததைக் கெடாமல் பத்திரப்படுத்தினார்கள். தலை, கால், எலும்பு எல்லாவற்றையும் பார்த்து அளந்து, முன்பே தெரிந்த தவளைகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்கள். உடம்பிலுள்ள டி.என்.ஏ. என்னும் பரம்பரைப் பொருளையும் சோதித்தார்கள். பிறகு இன்னின்ன காரணத்தால் இது வேறு என்று அச்சிட்டார்கள். தப்பு என்று தோன்றுகிறவன் அதே தவளையை எடுத்துப் பார்த்து மறுக்கலாம். மறுத்தவனுக்கு நரகம் கிடையாது. அந்தச் சோதனையில்தான், இதன் கிட்டின உறவு நம் நாட்டுத் தவளைகளல்ல, கடல் கடந்த செஷல்ஸ் தீவுத் தவளைகள் என்று தெரிந்தது. அத்தீவுகளும் நம் நாடும் ஒரே நிலமாயிருந்து பிரிந்தவை. இவ்விரு தவளை வமிசங்களும் பிரிந்து ஏறக்குறைய 13 கோடி வருஷம் இருக்கும் என்று அப்போது கணக்கிட்டார்கள். எந்த யுகக் கணக்கிலாவது இதற்குச் சாட்சி வைத்திருக்கிறார்களா?

ஆனால் ‘புதிது’ என்ற சொல்லையும் நாம் பரீட்சிக்க வேண்டும். இதன் தலைப்பிரட்டை, வேகமாய் ஓடும் தண்ணீரில் பாறையை வாயால் கவ்விக்கொண்டிருக்கும். அதை அன்னாண்டேல், நாராயணராவ் என்ற இருவர் 1918லேயே எழுதிவிட்டார்கள். தாய்த்தவளைக்குப் பெயரிட இன்னும் 85 வருஷம் ஆயிற்று! இடுக்கி மலைவாசிகளோ அந்தத் தலைப்பிரட்டையைப் பாறையிலிருந்து எடுத்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு வந்தவர்கள். எந்த ஓடை, எந்த மழை என்பது அவர்களுக்கு அத்துபடி. படித்தவன் எழுதின பிறகுதான் தவளை பிறந்தது என்றால், அதுவும் ஒரு புராணந்தான். அதற்காக மலைவாசிக்கே எல்லாம் தெரியும் என்று நான் முகஸ்துதி செய்யமாட்டேன். செஷல்ஸ் உறவு அவருக்குத் தெரியாது. அளவுக்கு மீறி எடுத்தால் இனம் அற்றுப்போகும் என்பதை அவரிடம் போய்ச் சொல்லத்தான் வேண்டும். சொல்லப் போகிறவன் முதலில் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லட்டும்.

கடைசியாக, நம் பக்கத்துச் செய்தி. மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில், இதன் சகோதர இனம் ஒன்று இருப்பதாக 2017இல் வெளியிட்டார்கள். மேற்கே உள்ளது கோடையின் கடைசி மழைக்கு வெளிவரும். இது வடகிழக்குப் பருவமழைக்கு வெளிவரும். இதற்கு வைத்த பெயர் ‘பூபதி’. சாமி பெயரல்ல, 2014இல் அகத்தியமலையில் ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் விபத்தில் மாண்ட ஒரு விஞ்ஞானியின் பெயர்.

மலையடிவாரத்துத் தோழர்களே! ஐப்பசி மழையில் ஓடைக்கரை மண்ணுக்குள்ளிருந்து கத்தும் சத்தம் கேட்டால் பிடிக்கவும் வேண்டாம், தோண்டவும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம். தேதியையும் இடத்தையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.