கடலைக்காட்டு முயலும் காற்றுத் துப்பாக்கியும்
(பண்ணை ஒலிபரப்பு உரை)



மார்கழிப் பட்டத்தில் கடலை போட்டவர்களுக்கு ஒரு கவலை உண்டு. வில்லியனூர், பாகூர்ப் பக்கம் எங்கே போனாலும் இதைக் கேட்கலாம். “விதை முளைச்சு நாலு இலை விட்டதும் ராத்திரியில் முயல் வந்து மேய்ஞ்சுட்டுப் போயிடுதுங்க. ஏர் கன் வாங்கலாமா? சின்ன ரவையா, பெரிய ரவையா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

காற்றுத் துப்பாக்கியில் பெரும்பாலும் இரண்டு அளவு உண்டு. ஒன்று 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர். அதன் ரவை சுமார் அரை கிராம் எடை. மற்றது 0.22 அங்குலம், 5.5 மில்லிமீட்டர். அதன் ரவை ஏறக்குறைய ஒரு கிராம். துப்பாக்கியின் விசை ஒன்றாக இருந்தால், சின்ன ரவை வேகமாக, நேராகப் போகும். பெரிய ரவை மெதுவாகப் போகும், சீக்கிரம் தாழும். ஆனால் படும் இடத்தில் அடி பலமாக இருக்கும். பிரிட்டனில் புல்வெளியைப் பாழாக்கும் குழிமுயலைச் சுடுகிறவர்கள் இந்த இரண்டில் எது நல்லது என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

எந்த ரவையும் நூல் பிடித்தாற்போல் போவதில்லை. சராசரியாக செகண்டுக்கு 170 மீட்டர் வேகம் என்று வையுங்கள். 40 மீட்டர் போக ஏறத்தாழ கால் செகண்டு ஆகும். கால் செகண்டில் எந்தப் பொருளும் ஒரு அடி கீழே விழும். 20 மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியால் 40 மீட்டரில் சுட்டால், ரவை நாலைந்து அங்குலம் தாழ்ந்து போகும். முயலின் தலையில் உயிர்நிலை எலுமிச்சம்பழ அளவுதான். இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், தூரத்தை யார் சரியாகக் கணிக்க முடியும்? காயம்பட்ட முயல் புதரில் கிடந்து சாகும். தவறின ரவை எங்கே போகும்? ராத்திரியில் மடை திருப்பப் போகிறவர் உண்டு, மோட்டார் கொட்டகையில் படுத்திருப்பவர் உண்டு. ரவை கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அந்தக் கண் நம் வீட்டுப் பிள்ளையின் கண்ணாகவும் இருக்கலாம்.

அடுத்தது சட்டம். நம் காட்டு முயல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் வேட்டைதான். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 0.177க்கு மேற்பட்ட துவாரமோ, 20 ஜூலுக்கு மேற்பட்ட விசையோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வேண்டாத சின்னத் துப்பாக்கியானாலும் முயலைச் சுட்டால் குற்றம் குற்றம்தான். ஆக, சின்ன ரவையும் வேண்டாம், பெரிய ரவையும் வேண்டாம்.

அப்படியானால் பயிரை எப்படிக் காப்பது?

முதலில் சேதம் செய்தது யார் என்று பாருங்கள். தண்டு கத்தியால் சீவினாற்போல் சாய்வாக வெட்டுப்பட்டு, பக்கத்தில் உருண்டையான புழுக்கை கிடந்தால் அது முயல். தூரடியில் மண்ணைப் பறித்துக் காயை இழுத்திருந்தால் பெரும்பாலும் எலி. எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி வைக்கலாம். ஆந்தை உட்கார வயலில் ‘டி’ வடிவக் குச்சி நடலாம்.

முயலுக்கு வேலிதான் மருந்து. பயிர் இளசாக இருக்கும் முதல் மூன்று நான்கு வாரம் காத்தால் பெரும்பகுதி தப்பித்துவிடும். கோழி வலையையோ, மீனவர் கழித்த பழைய வலையையோ இரண்டரை அடி உயரத்துக்குக் கட்டுங்கள். அடியில் அரை அடியை வெளிப்பக்கமாக மடித்து மண் போட்டு மிதித்துவிடுங்கள். வலை தொய்யாமல் விறைப்பாக இருக்கவேண்டும். தொய்ந்தால் அதுவே கண்ணியாகிவிடும். தினம் காலையில் சுற்றிப் பார்த்து, ஏதாவது சிக்கியிருந்தால் விடுவித்துவிடுங்கள். வரப்போரப் புதரை வெட்டி வெளிச்சமாக்குங்கள். முயல் குழி பறித்து வாழ்வதில்லை. பகலில் புதர் மறைவில்தான் படுத்திருக்கும். மறைவு இல்லாத வயலுக்கு வரத் தயங்கும். வேலிக் கம்பியில் மட்டும் கரண்டை நேராகக் கொடுக்காதீர்கள். அது முயலைப் பார்த்துக் கொல்லாது, மனிதனையும் கொல்லும்.

முயல் கறிதான் ஆசை என்றால், பண்ணை முயல் வளர்க்கலாமே! நியூசிலாந்து வெள்ளை போன்ற இனங்கள் கூண்டிலேயே வளரும். சட்டத்தில் தடையில்லை, வருமானமும் வரும்.

மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி உழவர் உதவியகத்திலோ, குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். துப்பாக்கிக்குப் போடும் காசை வலைக்குப் போடுங்கள். கடலை வீட்டுக்கு வரும், பிள்ளைகளும் பத்திரமாக இருப்பார்கள்.