தராசின் இரண்டு பக்கம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் வந்தால் மருந்தைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஒரு கடையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

அயர்லாந்திலிருந்து கிளாஸ்கோவுக்குப் போன ஒரு குடும்பம் அங்கே சிறு பலசரக்குக் கடை நடத்தியது. வெண்ணெயும் முட்டையும் ஊரிலிருந்து நேரே வரும். “முட்டையை அம்மாவே எடுத்துக் கொடுக்கட்டும். அம்மாவின் கை சிறியது, முட்டை பெரிதாகத் தெரியும்” என்று மகன் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்த மகன்தான் தோமஸ் லிப்டன்.

1871இல் அவர் தனிக்கடை திறந்தார். இடைத்தரகர் வேண்டாம், விளையும் இடத்திலேயே வாங்கு என்பது வீட்டுக் கடையில் கற்ற பாடம். அந்தப் பாடம்தான் 1890இல் அவரை நம் ஊவாவுக்குக் கொண்டுவந்தது. கோப்பி நோயால் அழிந்து தேயிலைக்கு மாறியிருந்த இந்த மலைகளில், ஹப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னத் தோட்டத்தை வாங்கினார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்ற தேயிலையை ஒரு இறாத்தல், அரை, கால் என்று பொதிகளாக்கி, மலிவாக விற்றார். எடையை நம்பி உலகம் வாங்கியது.

பொதியின் எடை சரி. கொழுந்து மடுவத்துத் தராசு?

என் அம்மா கொழுந்தெடுத்தவர். வேறொரு தோட்டத்தில், 1990 அளவில். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர். ஐந்தாம் ஆண்டில் படித்த நான், அம்மா சொல்லும் எடையைக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வந்தேன். சம்பளத் துண்டோடு அது ஒரு மாதமும் ஒத்துப்போகவில்லை.

கொப்பி ரீச்சரின் கையில் அகப்பட்டது. ஏச்சு விழும் என்று நின்றேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, “கூட்டல் எல்லாம் சரி” என்றார். மறுநாள் ஒரு புதுக் கொப்பி தந்தார். “இதில் எழுது. பாடக் கொப்பி பாடத்துக்கு.”

இன்று என் கிளினிக்கில் கொழுந்தெடுக்கும் பெண்களின் இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கிறேன். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதுகிறேன். கழித்த கிலோக்களுக்கு எழுத மாத்திரை இல்லை.

1931இல் லிப்டன் வாரிசின்றி மறைந்தார். பிறகு அந்த வியாபாரம் யூனிலீவர் வசமானது. பெயர் மட்டும் பொதியிலும், தம்பேத்தன்னவுக்கு மேலே உல்லாசப் பயணிகள் ஏறும் லிப்டன் சீற்றிலும் இருக்கிறது.

நம்மில் சிலர் கொழும்பிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் தேயிலை, வாசனைத் திரவியம் என்று சிறு குடும்ப வியாபாரம் தொடங்கியிருக்கிறீர்கள். பெருமைதான். ஒரு வேண்டுகோள்: விலை பேசும்போது, கொழுந்து எப்படி நிறுக்கப்பட்டது, எவ்வளவு கழிக்கப்பட்டது என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் நாம்தான். இங்கே ஒரே வாங்கில், கடைக்காரர் மகளும் கொழுந்தெடுப்பவர் மகளும் சேர்ந்திருந்துதானே கணக்குப் படித்தோம்.