நுண்கலைப் பட்டம்: செலவா, முதலீடா?

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பான கணக்குப்பிள்ளைகளே! (சிரிப்பு) தறியை நிறுத்திவிட்டு எங்கள் சத்தத்தைக் கேட்க வந்திருக்கும் ஆர்.கே.பேட்டைப் பெருமக்களே, தாய்மார்களே!

மேடை ஏறுவதற்கு முன்னால் பந்தலுக்குப் பின்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்தார். தறி ஓட்டுகிறவர். "சார், எம் பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிடுச்சு. மெட்ராஸ் போயி பெயின்டிங் படிக்கணுங்குது. படிச்சா என்னா சார் வரும்?" என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், மைக்கில் என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் இப்போது உங்களில் ஒருவராக உட்கார்ந்திருக்கிறார். நடுவர் அவர்களே, இன்றைக்கு நான் எதிரணிக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்த மனிதருக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன். (கைதட்டல்)

காசைப் பற்றிக் கேட்டாரே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வள்ளுவர் அறத்துக்கு 38 அதிகாரம் வைத்தார், இன்பத்துக்கு 25 வைத்தார், பொருளுக்கு எவ்வளவு வைத்தார்? 70! பொருள் என்றால் அங்கே ஆட்சியும் அடக்கம் என்று நடுவர் சொல்வார், தெரியும். ஆனாலும் பொருளில்லாமல் வீடு நடக்காது என்பது அவருக்கும் தெரியும். (சிரிப்பு)

நான் தமிழ் படிக்கப் போகிறேன் என்றபோது என் அப்பா கேட்டார்: "தமிழ்தான் நமக்கு ஏற்கெனவே தெரியுமேடா, அதுக்கு எதுக்குடா காலேஜு?" (பலத்த சிரிப்பு) நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்கு முனைவர் பட்டம் வரைக்கும் போகவேண்டியதாயிற்று.

எதிரணி நண்பர் அழகாகப் பேசினார். "ஓவியக் கல்லூரியில் படித்த சிவகுமார் என்ன ஆனார்? படம் வரைந்தால் போதாதென்று படம் நடிக்கப் போய்விட்டார்" என்றார். நானும் சிரித்தேன். 2012-இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது, ஓவியம் சொல்லிக்கொடுப்பவர்களும் அதில் உண்டு, தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய் என்றார். உண்மை. நான் மறுக்கவில்லை. உண்மையை மறைத்துவிட்டு ஒரு தகப்பனுக்கு யோசனை சொல்லக்கூடாது.

என் அணித்தோழர் ஒருவரும் ஒரு கணக்குச் சொன்னார். எம்.எஃப்.உசேன் 1954-இல் வரைந்த 'கிராம் யாத்ரா' 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் ஏறக்குறைய 118 கோடி ரூபாய்க்குப் போயிற்று என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன்? உசேன் 2011-லேயே இறந்துவிட்டார். அந்தக் காசு அவர் கைக்கு வரவில்லை. வறுமையில் சினிமா பேனர் வரைந்து பிழைத்த மனிதர் அவர். 118 கோடியைக் காட்டி உங்கள் பெண்ணைச் சேர்க்கச் சொன்னால், அது லாட்டரிச் சீட்டைக் காட்டி வீடு கட்டச் சொல்வது மாதிரி!

இந்தத் திருத்தணி மண்ணில் 1888-இல் பிறந்த ஒரு பிள்ளை, கையில் காசில்லாததால், உறவுக்காரர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த புத்தகங்களை வைத்துக்கொண்டு தத்துவம் படித்தார். 1962-இல் குடியரசுத் தலைவர் ஆனார். டாக்டர் ராதாகிருஷ்ணன். (கைதட்டல்) பெருமைதான். ஆனால் தத்துவம் படித்த எல்லாரும் டெல்லிக்குப் போகவில்லை. சிகரத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், சாதாரண ஆளுக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள்.

சரி, நம் இலக்கியத்தில் நுண்கலைப் பட்டத்துக்கு யாராவது விலை சொல்லியிருக்கிறார்களா? இளங்கோவடிகள் சொல்லியிருக்கிறார்! மாதவி ஐந்து வயதில் தொடங்குகிறாள். ஏழு வருஷம் படிக்கிறாள். பன்னிரண்டு வயதில் அரங்கேற்றம். சோழ மன்னன் 'தலைக்கோலி' என்ற பட்டம் கொடுக்கிறான். கூடவே ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்! பட்டம் உண்டு, பணமும் உண்டு. (கைதட்டல்)

கைதட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் கவனியுங்கள். மாதவிக்கு ஆடல் ஆசான், இசை ஆசான், தண்ணுமை ஆசான், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒரு கல்லூரியே இருந்தது. பார்க்க அரசன் இருந்தான், வாங்க ஊர் இருந்தது. பக்கத்திலேயே சங்க இலக்கியத்துப் பாணனைப் பாருங்கள். அவனுக்கும் யாழ் தெரியும். ஆனால் பசி! அவனுக்கு வித்தையில் குறையில்லை, வாங்குகிறவன் எங்கே இருக்கிறான் என்றுதான் தெரியவில்லை. அதனால்தான் பரிசு வாங்கி வருகிற ஒருவன் எதிரே வருகிறவனுக்கு வழி சொல்லுகிறான். அதற்கு ஆற்றுப்படை என்று பெயர். இந்தக் காலத்து மொழியில் சொன்னால் வேலைவாய்ப்பு அலுவலகம்! (சிரிப்பு) ஆகவே நடுவர் அவர்களே, பட்டம் மட்டும் சோறு போடாது. பட்டமும் ஆற்றுப்படையும் சேர்ந்தால் போடும். இதுதான் என் வாதம்.

சென்னையில் ஓவியக் கல்லூரியைத் தொடங்கியது யார் தெரியுமா? ஒரு டாக்டர்! நம்ம வீட்டில் எல்லாரும் பிள்ளையை டாக்டராக்கப் பார்க்கிறோம், அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850-இல் ஓவியப் பள்ளி ஆரம்பித்தார். (சிரிப்பு) எதற்காக? கைத்தொழில் செய்கிறவர்களின் கைக்கு நல்ல வடிவம் சொல்லிக்கொடுக்க. பிழைப்புக்காகவே பிறந்த பள்ளிக்கூடம் ஐயா அது!

பின்னால் அங்கே முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். மாணவர்கள் நன்றாக வரைகிறார்கள், வெளியே போனதும் வயிற்றுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள் என்று கவலைப்பட்டார். என்ன செய்தார்? அவரும் மாணவர்களும் துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலை செய்தார்கள், விற்றார்கள். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைத்தார்கள். கைத்தொழில் சோறு போட்டது, சோறு ஓவியத்தை வளர்த்தது. இன்றைக்கும் அந்தக் கிராமம் இருக்கிறது. யாரிடமும் கையேந்தவில்லை! (பலத்த கைதட்டல்)

இன்னொருவர், ஓவியர் ஆதிமூலம். காந்தியடிகளைக் கோட்டிலே கொண்டுவந்தவர். அதே கல்லூரியில் படித்தவர். எங்கே வேலை பார்த்தார்? நெசவாளர் சேவை மையத்தில்! பல வருஷம் அங்கே துணிக்கு டிசைன் போட்டார். ரெட்டெப்ப நாயுடு என்ற ஓவியரும் அங்கே இருந்தவர்தான். இதை ஆர்.கே.பேட்டையில் சொல்லாமல் எங்கே சொல்வேன்?

ஐயா, தறிக்காரரே, உங்களைத்தான் கேட்கிறேன். நூல் அதே நூல். தறி அதே தறி. உங்கள் உழைப்பும் அதே உழைப்பு. அப்படியிருந்தும் ஒரு சேலை ஒரு விலைக்கும், இன்னொரு சேலை மூன்று மடங்குக்கும் போகிறதே, எதனால்? கரையிலே இருக்கிற கோடு, உடலிலே இருக்கிற நிறம், இரண்டும் சேருகிற பொருத்தம். அதை யாரோ எங்கேயோ உட்கார்ந்து வரைகிறார்கள். உங்களுக்குக் கூலி வருகிறது, விலை அவர்களுக்குப் போகிறது. அந்தக் கோட்டை உங்கள் பெண் போடட்டுமே என்கிறேன்! (நீண்ட கைதட்டல்)

இப்போது கணக்கு. தனியார் கல்லூரியில் 8 லட்சம் கடன் வாங்கிச் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீத வட்டி, பத்து வருஷத் தவணை. மாதம் 10,500 ரூபாய்க்கு மேல் கட்டவேண்டும். மொத்தம் 12 லட்சத்து 70 ஆயிரத்தைத் தொடும். தொடக்கத்தில் பதினைந்தாயிரம் சம்பாதிக்கிற பெண் அதை எப்படிக் கட்டுவாள்? அந்தக் கடனை வாங்காதீர்கள். என் அணிக்கு இது பாதகம் என்றாலும் சொல்கிறேன், வாங்காதீர்கள்!

அரசு கல்லூரி சென்னையில் இருக்கிறது, கும்பகோணத்தில் இருக்கிறது. நான்கு வருஷம். கட்டணம் குறைவு. ஆனால் வண்ணம், தூரிகை, தாள், விடுதி என்று கை கடிக்கும். நான்கு வருஷம் அந்தப் பெண் வேலைக்குப் போனால் வரக்கூடிய கூலியும் செலவுதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நுழைவுத்தேர்வுக்குக் கை பழகட்டும். பெயின்டிங் மட்டும்தான் படிப்பு என்று நினைக்காதீர்கள், சென்னைக் கல்லூரியில் துணி வடிவமைப்புக்கும் தனிப் பிரிவு உண்டு. பெயின்டிங்தான் வேண்டும் என்று அவள் நின்றால் அதையே படிக்கட்டும், கூடவே விற்கத் தெரிந்த ஒரு கைவேலையும் கம்ப்யூட்டரும் கற்றுக்கொள்ளட்டும். பணிக்கர் காட்டிய வழி அதுதான்.

"கம்ப்யூட்டரே படம் போடுதே சார், இனி ஓவியர் எதுக்கு?" என்று எதிரணி கேட்டது. பிளெக்ஸ் பேனர் வந்து, கையால் வரைந்த பேனர் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். வயிறு எரிந்தது. ஆனால் பிளெக்ஸிலும் எது அழகு, எது அசிங்கம் என்று ஒரு கண் தீர்மானிக்க வேண்டும். கை செய்கிற வேலையை மிஷின் வாங்கிக்கொள்ளும். கண்ணைப் பழக்குவதுதான் படிப்பு.

மணி அடித்துவிட்டார்கள். முடிக்கிறேன்.

ஐயா, "படிச்சா என்னா வரும்?" என்று கேட்டீர்கள். முதல் மாதமே பெரிய சம்பளம் வராது. பொய் சொல்ல மாட்டேன். கடனில்லாமல் படித்தால், படிக்கும்போதே வாங்குகிறவன் யார் என்று தெரிந்துகொண்டால், நான்கு வருஷம் கழித்து உங்கள் வீட்டுத் தறிக்கு ஒரு டிசைனர் வருவாள். வெளியே ஒருவனுக்குப் போகிற விலையில் ஒரு பங்கு உங்கள் வீட்டுக்குள் வரும். தறி ஓட்டுகிற உங்களுக்குத் தெரியாததா? பாவு ஓட்டுகிற அன்றைக்கு யாரும் கூலி தருவதில்லை. அதற்காகப் பாவு ஓட்டுவதைச் செலவு என்று எந்த நெசவாளியாவது சொல்வாரா? (பலத்த கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, நுண்கலைப் பட்டம் கணக்குத் தெரிந்து படிக்கிறவர்களுக்கு முதலீடே, முதலீடே என்று தீர்ப்பு வழங்குங்கள்.