பொருள் வரைதலும் வீட்டுக் கடனும்

(தசலட்சணப் பருவத்தின்போது கோவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

இவ்வுரையின் பொருள் இல்லறத்தார் அனைவர்க்கும் உரியது: முதல் வீட்டை வாங்குதலும், அதற்காகப் பெற்ற கடனைத் தீர்த்தலும்.

கொங்கு மண்ணில் சமணர் உறையுளைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, கரூரை அடுத்த புகழூரில் ஆறுநாட்டார் மலையில் உள்ளது. சேர மரபின் இளவரசன் ஒருவன் இளங்கோ ஆனபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த அமணர் உறைவதற்காகக் கல்லை அறுத்துக் கொடுத்தான் என அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கூறுகின்றது. அவ்வுறையுளில் காணப்படுபவை கற்படுக்கைகளே. ஓர் உடல் கிடக்கும் நீளமும் அகலமுமே துறவியின் இல்லத்திற்கு அளவாக இருந்தன.

இல்லறத்தார்க்கு அவ்வளவு போதாது. முதிய பெற்றோர், வளரும் மக்கள், வரும் விருந்தினர், பூசைக்கு ஒரு தூய இடம் என அவர்தம் தேவைகள் பல. ஆதலின் அறநூல்கள் இல்லறத்தாரை வீட்டைத் துறக்கச் சொல்லவில்லை. அளவு செய்துகொள்ளச் சொல்லின. ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது பொருள் வரைதல். தத்துவார்த்த சூத்திரம் இவ்விரதத்தின் அளவைக் கடக்கும் குற்றங்களை எண்ணுங்கால், நிலத்தையும் வீட்டையுமே முதலில் வைக்கின்றது. வெள்ளியும் பொன்னும் அவற்றின் பின்னரே வருகின்றன. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இதற்கு ‘இச்சா பரிமாணம்’ என்னும் மற்றொரு பெயரையும் தருகின்றது. பொருளுக்கு மட்டுமன்றி, விருப்பத்திற்கே அளவு வகுத்தல் என்பது அதன் கருத்து.

அந்நூல் இவ்விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்தனுள், மிகுந்த சுமையை ஏற்றுதலையும் ஒன்றாகக் கூறுகின்றது. பொதி சுமக்கும் விலங்கை எண்ணிச் சொல்லப்பெற்றது அது. இன்றோ, மாதத் தவணை என்னும் வண்டியை இருபது ஆண்டுகள் இழுப்பவர் இல்லறத்தாரே. தம் மீது தாமே ஏற்றிக்கொள்ளும் சுமைக்கும் அந்த அறம் பொருந்தும்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து பணியின் பொருட்டுக் கோவைக்கு வந்த குடும்பங்கள் பல. ஆலையிலோ, பம்பு உற்பத்தித் தொழிலிலோ, கல்லூரியிலோ, மென்பொருள் நிறுவனத்திலோ வேலை. சரவணம்பட்டியிலோ வடவள்ளியிலோ துடியலூரிலோ வாடகை வீடு. ஊரில் பாட்டனார் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கும். மகனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு எழுந்தவுடன், “சொந்த வீடு உண்டா?” என்ற வினா முன்னே வந்து நிற்கும். அவ்வினாவுக்கு அஞ்சியே தாங்கவொண்ணாத வீட்டை வாங்குவோர் உளர்.

சம்பளச் சீட்டைப் பார்த்து வங்கி ஒரு தொகையைச் சொல்லும். அது வங்கி கொடுக்கக் கூடிய அளவு. குடும்பம் தாங்கக் கூடிய அளவு அதனின் வேறு. பெற்றோரின் மருந்துச் செலவு, மகளின் கல்லூரிக் கட்டணம், நூல் விலை ஏறி ஏற்றுமதி ஆணைகள் குறையும் காலத்தில் கொங்குத் தொழில்களில் வேலைக்கு நேரும் தடுமாற்றம் ஆகியவை வங்கியின் கணக்கில் முழுமையாக வருவதில்லை. வரவேண்டியது இல்லத்தாரின் கணக்கில்.

முதற்கண் விலையைக் காண்போம். 40 லட்ச ரூபாய் விலையுள்ள வீடு எனக் கொள்க. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், சொத்து மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஆகவே கடன் மிகுதியாய் 32 லட்சம். கைப்பணம் 8 லட்சம். இதனோடு முடிந்ததாகப் பலர் எண்ணுவர். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு; அதற்கு 3,60,000 ரூபாய் வேண்டும். ஆக, கையில் 11,60,000 ரூபாய் இல்லாதவர் 40 லட்ச வீட்டைக் கனவு காணலாம், வாங்கலாகாது. அக்குறையைத் தனிநபர் கடனாலும் நகை அடகாலும் நிரப்புவோர், ஒரே வீட்டிற்கு இரண்டு மூன்று இடங்களில் வட்டி கட்டுவோர் ஆவர்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, மனை அங்கீகாரம் ஆகியவற்றை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டித் தெளிதல் வேண்டும். அடுக்குமாடியாயின், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும், சுவர்களுக்கு உள்ளே உண்மையில் புழங்கக் கூடிய பரப்பளவையும் கேட்டறிதல் நலம்.

இனிக் கடன் தீரும் முறை. 30 லட்ச ரூபாயை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். முதல் மாதத்தில் அதிலிருந்து வட்டிக்குப் போவது 21,250 ரூபாய். அசலில் கழிவது 4,785 ரூபாய் மட்டுமே. ஐந்து ஆண்டுகள் தவறாமல் கட்டியபின், செலுத்திய தொகை 15 லட்சத்து 62 ஆயிரம்; அசலில் குறைந்திருப்பதோ 3 லட்சத்து 56 ஆயிரம் அளவே. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நிலுவை பெரிதாக இருக்கும் தொடக்க ஆண்டுகளில் வட்டியும் பெரிதாகவே இருக்கும். இருபது ஆண்டும் முடியும்போது வட்டி மட்டும் 32 லட்சத்தைக் கடந்திருக்கும்.

இக்கணக்கே தீர்வையும் காட்டுகின்றது. தொடக்கத்தில் அசலில் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் பல ஆண்டு வட்டியைத் தடுக்கும். மேற்சொன்ன கடனுக்கு ஆண்டுதோறும் ஒரே ஒரு தவணையைக் கூடுதலாக அசலில் செலுத்தி வந்தால், கடன் மூன்று ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே தீரும். வட்டியில் ஏறத்தாழ 6 லட்ச ரூபாய் மிஞ்சும். தீபாவளி போனசோ, ஊர் நிலத்தின் குத்தகைப் பணமோ, முதிர்ந்த சீட்டுப் பணமோ அதற்குப் போதும். தனிநபர் பெற்ற மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிச் செலுத்துவதற்கு வங்கிகள் அபராதக் கட்டணம் கேட்கலாகாது என ரிசர்வ் வங்கி 2012-ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டுள்ளது. கூடுதல் தொகையைச் செலுத்துங்கால், தவணைத் தொகையைக் குறைக்காமல் கடன் காலத்தைக் குறைக்குமாறு எழுத்து மூலம் கேட்டல் வேண்டும்.

மாறும் வட்டியின் இயல்பையும் அறிதல் இன்றியமையாதது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 விழுக்காடாயிற்று. 7 விழுக்காடு வட்டியில் 30 லட்சத்தை 20 ஆண்டுகளுக்குப் பெற்றவரின் தவணை 23,259 ரூபாய். அதே வட்டி 9.5 விழுக்காடானால், 30 லட்சத்திற்கு ஒரு மாத வட்டி மட்டும் 23,750 ரூபாய். தவணை முழுவதையும் கட்டியும் வட்டியே அடைபடாத நிலை அது. அக்காலத்தில் பலருடைய கடன் காலம் ஓசையின்றி நீண்டது. ஆதலின் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு நெறியை வகுத்தது: வட்டி மாற்றி அமைக்கப்படும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, முன்கூட்டிச் செலுத்துவதா என்னும் உரிமை கடன் பெற்றவருக்கு உண்டு. நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பும் அளிக்கப்பெறல் வேண்டும் என அந்நெறி அப்போது கூறிற்று. வட்டி உயர்ந்த செய்தியை நாளிதழில் கண்டவுடன் வங்கிக்குச் சென்று, எஞ்சிய தவணைகள் எத்தனை என்று கேட்டறிவதே கடமை. வீடு வாங்கும் முன்பே, வட்டி இரண்டு விழுக்காடு ஏறினாலும் தாங்குமா என்று கணக்கிடுதல் அதனினும் சிறந்தது.

“வரிச் சலுகை போய்விடும், கடனை மெல்லத் தீர்” என்று அறிவுரை கூறுவோரும் உளர். புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தோர்க்கு, தாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையிலும், சில ஆயிரம் வரியை மிச்சப்படுத்த அதனினும் மிகுந்த வட்டியைக் கொடுத்தல் ஆதாயம் ஆகாது.

கடைசித் தவணை கட்டிய நாளிலேயே கடமை முடிந்துவிடுவதில்லை. முழுத் தொகையும் தீர்ந்த 30 நாள்களுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தரவேண்டும். அதன் பிழையால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதி. பத்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்துப் பெறுக. கடன் பெறும்போது உரிமை ஆவண ஒப்படைப்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருப்பின், கடன் தீர்ந்தமைக்கான ரசீது ஆவணத்தையும் அங்கே பதிவு செய்தல் வேண்டும். அதன்பின் எடுக்கும் வில்லங்கச் சான்றில் அப்பதிவு காணப்படுதல் வேண்டும். இதனை மறந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகள் சொத்தை விற்கவோ பிரிக்கவோ முனையும்போது அலைச்சலைத் தேடித் தருவோர் மிகப் பலர்.

இவையனைத்தும் பொருளின் கணக்குகள். இவற்றுக்குப் பின்னே அறத்தின் கணக்கு ஒன்று உண்டு. சுமை மிகும் வீட்டில் முதலில் நிற்பது தானம். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் எதற்கும் கையில் ஒன்றும் எஞ்சாது. அடுத்து நிற்பது ஊரில் உள்ள தாய்க்கு அனுப்பும் பணம். மூன்றாவதாக, கணவனும் மனைவியும் அமைதியாக அமர்ந்து பேசும் பேச்சு நின்றுபோகும். நான்கு அறைகள் உள்ள வீட்டில் இவை மூன்றும் இல்லையாயின், இரண்டு அறைகளில் இவை உள்ள குடும்பமே நன்கு வாழ்வதாகும்.

ஆகவே, வீடு வாங்க எண்ணும் குடும்பத்தார் வீடுகளைப் பார்க்கப் புறப்படும் முன்னரே, உலோபம் நீங்கிய தூய்மையைப் போற்றும் உத்தம சௌச நாளன்று, வீட்டுப் பெரியோரோடும் மனைவியோடும் அமர்ந்து ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுக: தேவையான அறைகள், கையில் உள்ள பணம், தாங்கக் கூடிய தவணை, தானத்திற்கென ஒதுக்கும் தொகை. நான்காவது எண்ணைக் குறைத்து மூன்றாவதைக் கூட்டுவதில்லை என்று உறுதி கொள்க. வீட்டைக் கண்டபின் எழுதும் அளவு ஆசையின் அளவாகிவிடும். காணுமுன் எழுதியதே விரதத்தின் அளவு.

தமிழில் ‘வீடு’ என்னும் சொல் இல்லத்தையும் குறிக்கும்; பற்றினின்றும் விடுபடுதலையும் குறிக்கும். முன்னதை அளவோடு பெற்று, அதன் கடனை முறையே தீர்த்த இல்லறத்தார், பின்னதை நோக்கிய வழியிலும் ஓரடி நடந்தவர் ஆவர். அனைவர்க்கும் நலம் உண்டாகுக.

ஜெய் ஜினேந்திரா.