செல்லாத நூறு கியாட்



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வாசிப்பும் இளைஞர்களும்’. மன்னிக்க வேண்டும், இன்றைக்கு அதைப் பேச எனக்கு மனசில்லை. பதினைந்து நாளைக்கு முன்னால் இதே திடலில், இதே மைக்கைப் பிடித்து ஒருவர் பேசினார். பெயர் சொல்ல மாட்டேன். ‘இந்த நாட்டுக்குப் பத்து வருஷம் மிலிட்டரி ஆட்சி வந்தால்தான் எல்லாம் ஒழுங்குக்கு வரும்’ என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் கூட்டத்தில்தான் இருந்தேன். அந்தக் கைதட்டல் பதினைந்து நாளாக என் காதை விட்டுப் போகவில்லை.

என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் மட்டும் தட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார், விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். யார் தெரியுமா? பர்மா காலனி முக்கில் அத்தோ கடை போட்டிருக்கிறாரே, அவர்தான். உங்களில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டவர்கள்.

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போனேன். நூடுல்ஸை அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, பூண்டெண்ணெய் விட்டு, பேஜோ என்கிற மொறுமொறுப்பான வறுவலை நொறுக்கித் தூவி, கையாலேயே பிசைந்து கொடுத்தார். வாழைத்தண்டு சூப்பும் ஊற்றினார். அப்புறம் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் ஒரு நோட்டு. மடிப்பு மடிப்பாக இற்றுப்போன நூறு கியாட், பழைய பர்மாப் பணம். ‘எங்கப்பா சம்பாத்தியத்துல மிச்சம் இதுதான் தம்பி’ என்றார்.

அவருடைய அப்பா ரங்கூனில் மளிகைக் கடை வைத்திருந்தவர். 1964 மார்ச்சில் பட்டாளத்து ஆள்கள் வந்து கடையைப் பூட்டினார்கள். ‘மக்கள் கடை’ என்று நம்பர் போட்டுப் பலகை மாட்டினார்கள். மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு. அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல். துறைமுகத்தில் அவருடைய அம்மா மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்களாம். பல வருஷமாகப் போட்டிருந்தது, கழலவில்லை. சோப்பு போட்டுக் கழற்றினார்களாம். பதினாலு வயசுப் பையன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். அந்தப் பையனுக்கு இன்றைக்கு எழுபத்தைந்து வயது. ‘அந்தச் சோப்பு வாசம் இன்னும் மூக்குல இருக்கு’ என்கிறார்.

மிலிட்டரி ஆட்சி வேண்டும் என்று கேட்டவரே, அந்தச் சோப்பைப் பற்றிப் பேசுங்கள்!

பர்மாவில் ராணுவம் எப்படி வந்தது? முதல் தடவை அது கதவை உடைத்து வரவில்லை, ஐயா. கூப்பிட்டார்கள், வந்தது. கட்சி இரண்டாகப் பிளந்தது, நாடு கலவரமாகக் கிடந்தது. 1958இல் பிரதமர் ஊ நூ தளபதி நே வின்னை அழைத்து, ‘கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று நாட்டைக் கையில் கொடுத்தார். பட்டாளமும் தெருவைக் கூட்டியது, விலைவாசியைக் கட்டியது. ஜனங்கள் பாராட்டினார்கள். 1960இல் தேர்தல் நடத்தித் திருப்பியும் கொடுத்தார் நே வின். ஆனால் ருசி கண்டுவிட்டார். 1962 மார்ச் 2, விடிவதற்குள் ஊ நூ சிறையில். ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் எதிர்த்தார்கள், அவர்களைப் பட்டாளம் சுட்டுக் கொன்றது. மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்து பர்மா விடுதலைத் தலைவர் ஆங் சான் நின்று பேசிய கட்டடம் அது!

அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஊ தாண்ட் என்று ஒரு மனிதர். பந்தனாவ் என்கிற சிற்றூரில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். அவர்தான் பின்னாளில் பத்து வருஷம் ஐ.நா. சபையின் பொதுச்செயலாளர். ஆசியாவிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள். 1962இல் கியூபாவை வைத்து அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுகுண்டோடு முறைத்துக்கொண்டு நின்றபோது நடுவில் நின்று பேசியவர். 1974 நவம்பரில் நியூயார்க்கில் இறந்தார். உடல் ரங்கூனுக்கு வந்தது. அரசு மரியாதை கிடையாது! ஏன்? அவர் ஊ நூவுக்குச் சிநேகிதர். விமான நிலையத்துக்குப் போன ஒரு துணை அமைச்சருக்குப் பதவி போயிற்று.

மாணவர்கள் பொறுப்பார்களா? சவப்பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வெடிவைத்துத் தகர்த்தார்களே, அந்த மாணவர் சங்க மண்ணிலேயே தங்கள் கையால் சமாதி கட்டினார்கள்! டிசம்பர் 11 விடியலில் பட்டாளம் உள்ளே புகுந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனது. செத்த வாத்தியாருக்குக்கூடப் பயப்படுகிறது துப்பாக்கி வைத்திருக்கிற ஆட்சி. இந்த வீரத்தையா நமக்குக் கேட்கிறார் அன்றைக்கு இங்கே பேசியவர்?

முன்வரிசையில் நெஞ்சு நிமிர்த்தி அமர்ந்திருக்கிற முன்னாள் படைவீரர்களே, உங்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2015 வெள்ளத்தில் சென்னையில் படகில் வந்து ஜனங்களைத் தூக்கியவர்கள் உங்கள் பிள்ளைகள். 1971இல் பாகிஸ்தான் தரப்பில் 93,000 பேரைச் சரணடைய வைத்த போருக்குத் தளபதி மானெக்‌ஷா. அவர் குன்னூரில் வீடு கட்டி வாழ்ந்து, 2008இல் நம்முடைய வெலிங்டனில் கண்ணை மூடினார். டாக்காவை வென்றவர் டெல்லியில் நாற்காலி கேட்டதில்லை. அதுதான் சிப்பாயின் பெருமை.

இது தானாக வந்த பெருமையும் இல்லை. வெள்ளைக்காரத் தலைமைத் தளபதி குடியிருந்த தீன்மூர்த்தி மாளிகையில் 1948இல் பிரதமர் நேரு குடியேறினார். ஜனங்கள் தேர்ந்தெடுத்தவன் எங்கே இருப்பான், தளபதி எங்கே இருப்பான் என்று ஊருக்கே காட்டினார். 1955இல் அந்த ‘கமாண்டர் இன் சீஃப்’ பதவியே ஒழிந்தது. பாகிஸ்தானில் 1958இல் அயூப், 1969இல் யாஹ்யா, 1977இல் ஜியா, 1999இல் முஷாரஃப் என்று வரிசையாகத் தளபதிகளே ஆட்சிக்கு வந்தார்கள். ஒரே வெள்ளைக்காரன் வளர்த்த பட்டாளம்தானே இரண்டும்? அங்கே போன புத்தி இங்கே போகாமல் காத்தவர்களை நன்றியோடு நினைக்க வேண்டாமா?

டெல்லிமேலும் எனக்கு வருத்தம் உண்டு. பர்மாவில் ராணுவ ஆட்சியை எதிர்த்து நின்ற, ஆங் சானின் மகள் ஆங் சான் சூச்சிக்கு நேரு விருது கொடுத்தது இதே டெல்லி. 2004இல் அந்த ராணுவ ஆட்சியின் தலைவர் ஜெனரல் தான் ஷ்வேயைச் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்றதும் இதே டெல்லி. எல்லைப் பாதுகாப்பு, சீனாக்காரன் என்று காரணம் சொல்வார்கள். காரணம் இருக்கட்டும். ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர்கள் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்தார்களே, அவர்கள் விட்டுவந்த சொத்துக்கு எந்தப் பேச்சுவார்த்தையில் யார் அழுத்திக் கேட்டார்கள்? அகதியாக வந்தவர்களில் சிலர் பிறந்த மண்ணுக்கே திரும்பப் போய்விடலாம் என்று மணிப்பூர் வழியாக நடந்தார்கள். எல்லையில் பர்மாப் பட்டாளம் திருப்பி அனுப்பிவிட்டது. அப்படியே எல்லையோர ஊரான மோரேயில் தங்கினார்கள். இன்றைக்கும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது.

2008இல் பர்மாவில் ராணுவ ஆட்சியாளர்கள் ஓர் அரசியல் சட்டம் எழுதினார்கள். நாடாளுமன்றத்தில் நாலில் ஒரு பங்கு இடம் சீருடைக்கு. அவர்கள் தலையாட்டாமல் அந்தச் சட்டத்தைத் திருத்த முடியாது. அதுவும் போதவில்லை. 2021 பிப்ரவரி 1, புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய அதே நாளில் மறுபடியும் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு ராத்திரி அத்தோ கடைப் பெரியவர் கடையைத் திறக்கவில்லையாம். என்னிடம் சொன்னார். ‘கொஞ்ச நாளைக்குன்னுதான் தம்பி கூப்பிட்டாங்க. நான் கிழவனாயிட்டேன், இன்னும் அவன் போகல.’

இன்றைக்கும் அவரைக் கூப்பிட்டேன், வர மறுத்துவிட்டார். அவருக்காகக் கேட்கிறேன். நம் ஊரில் லஞ்சம் இருக்கிறது, குப்பை அள்ளவில்லை, கவுன்சிலர் எட்டிப் பார்ப்பதில்லை, எல்லாம் உண்மை. திட்டுங்கள், மனுக் கொடுங்கள், ஓட்டில் தோற்கடியுங்கள். ஆனால் நாளைக்கு எவனாவது இந்த மைக்கைப் பிடித்து மிலிட்டரி ஆட்சி வேண்டும் என்றால், தயவுசெய்து கை தட்டாதீர்கள்.