பாடத்திட்டமும் மாற்றுத்திறன் மாணவரும்



ஒரு பட்டம் பெற இன்னின்ன பாடங்களைப் படிக்க வேண்டும், இத்தனை மணி நேரத்தில் தேர்வு எழுத வேண்டும் எனப் பல்கலைக்கழகங்கள் விதி வகுத்துள்ளன. கண்ணால் படித்து, காதால் கேட்டு, கையால் விரைந்து எழுதும் மாணவனை மனத்திற்கொண்டே அவ்விதிகள் பெரும்பாலும் எழுந்தன. பார்வையற்ற மாணவியும், செவிப்புலன் இழந்த மாணவனும், எழுத்துக் கூட்டிப் படிப்பதில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா உடையவரும் அதே கல்லூரி வாயிலில் வந்து நிற்கும்போது, விதியை எவ்வளவு தூரம் மாற்றலாம் என்ற வினா எழுகிறது. பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழராகிய நமக்கு இவ்வினாவோடு மொழிச் சிக்கலும் சேர்ந்து வருகிறது.

செவிப்புலன் உள்ள குழந்தை மொழியைக் கேட்டே கற்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தியோ கன்னடமோ வங்காளமோ, வகுப்பில் ஆங்கிலம் என மூன்றையும் விளையாட்டுப்போலப் பிடித்துக்கொள்கிறது. பிறவியிலேயே கேட்கும் ஆற்றல் இல்லாத குழந்தைக்கோ ஒவ்வொரு மொழியும் தனித்தனியே ஏற வேண்டிய மலை. அப்படிப்பட்ட மாணவன் வணிகவியலை ஐயமறக் கற்றிருந்தும், கட்டாய மொழித்தாள் ஒன்றில் தேறாமையால் பட்டமின்றி நின்றுவிடக் கூடும். அவனைத் தடுத்தது அவன் கற்க வந்த கலை அன்று; அதன் வழியில் வைக்கப்பட்ட வேறொரு கதவு.

இதனைச் சட்டம் காணாமல் இல்லை. 1995-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே, செவிப்புலன் குன்றிய மாணவர் ஒரே மொழியைப் பயிலும் வகையில் பாடத்திட்டத்தைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று கூறியது. அதன் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. அதன் 17-ஆம் பிரிவு, பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தக்க மாற்றங்கள் செய்வதை அரசின் கடமைகளுள் ஒன்றாக வைக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருவோரின் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை எடுத்துக்காட்டாகப் பெயர் சுட்டியே சொல்கிறது. 32-ஆம் பிரிவு, அரசின் உயர்கல்வி நிலையங்களிலும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களிலும், குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு உடையோர்க்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்குகிறது.

இம்மாற்றங்களை நாம் பேச்சு வழக்கில் 'சலுகை' என்கிறோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு அச்சொல் பொருத்தமாகப் படவில்லை. சலுகை என்பது கொடுப்பவர் மனம் இரங்கித் தருவது. மனம் மாறினால் நிறுத்தியும் விடுவார். சட்டம் சொல்வது 'நியாயமான ஏற்பாடு'. பிறரோடு சமமாக ஒருவர் தம் உரிமையைத் துய்ப்பதற்கு வேண்டிய, அளவுக்கு மீறிய சுமையை எவர்மீதும் ஏற்றாத மாற்றம் என்பது அதன் பொருள். அதனை மறுப்பதையே பாகுபாடு என்று அச்சட்டம் வரையறுக்கிறது.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் நீக்கிவிடலாமா? மற்ற மாணவருக்கு அது அநீதி ஆகாதா? இவை நேர்மையான கேள்விகள். விடை காண ஒரு வழி உண்டு. பாடத்தின் நோக்கம் எது, அந்நோக்கத்தை அடையும் பாதை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வரலாற்றுத் தேர்வில் வரைபடத்தில் இடங்களைக் குறிக்கச் சொல்கிறார்கள். நோக்கம், இடங்களின் அமைவை மாணவர் அறிந்திருக்கிறாரா என்பது. படத்தில் புள்ளி வைப்பது பாதை. பார்வையற்ற மாணவி அதே அமைவைச் சொற்களால் விளக்கினால் நோக்கம் நிறைவேறிவிடுகிறது. ஆங்கில இலக்கியத்தைப் பட்டப் பாடமாக எடுத்தவர் ஆங்கிலத்திலிருந்தே விலக்குக் கேட்டால் அது பாதையை மாற்றுவது ஆகாது, நோக்கத்தையே நீக்குவதாகும். பாதையை மாற்றுவதால் பட்டத்தின் மதிப்புக் குறையாது.

நீதிமன்றங்களும் இத்திசையிலேயே சென்றிருக்கின்றன. கை எழுதும்போது இறுகிப்போகும் நோயுடைய ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு எழுதுவோரின் உதவியை வேண்டினார். 40 விழுக்காடு குறைபாடு இல்லை என்பதற்காக அவ்வுதவியை மறுக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பேச்சுக் குறைபாடு 40 விழுக்காட்டுக்கு மேற்பட்டது என்று மருத்துவப் படிப்பில் இடம் மறுக்கப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், விழுக்காட்டு எண் மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்காது. அவரால் அப்படிப்பைத் தொடர இயலுமா என்பதையே மருத்துவக் குழு ஆராய வேண்டும் என்று 2024 அக்டோபரில் அம்மன்றம் விளக்கியது.

சட்டம் இருப்பினும், கேட்பவருக்கே அது பயன் தரும். கேட்பதற்கு முதல் தடை நம் வீடுகளிலேயே இருக்கிறது. ஊராரும் உறவினரும் என்ன சொல்வார்களோ, பெண்ணின் திருமணப் பேச்சுக்கு இடையூறு ஆகுமோ என்று அஞ்சிக் குறைபாட்டை மறைப்போர் நம்மிடையே இன்றும் உண்டு. மறைத்த குறைக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாதபோது கல்லூரி அலுவலகம் கையை விரித்துவிடும். பதினேழு வயதுப் பிள்ளை தன் தோல்விக்குத் தன் அறிவே காரணம் என நம்பிப் படிப்பைக் கைவிடுகிறது. இந்த இழப்பு அந்தப் பழிச்சொல்லினும் பெரிது அல்லவா?

மாநிலம் மாறியதால் சான்றிதழ் செல்லாது என்று எவரேனும் சொன்னால் அஞ்ச வேண்டுவதில்லை. முறைப்படி வழங்கப்பட்ட சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று அச்சட்டத்தின் 58-ஆம் பிரிவு கூறுகிறது. சென்னையிலோ மதுரையிலோ பெற்றது மும்பையிலும் தில்லியிலும் செல்லும்.

விண்ணப்பத்தைத் தேர்வு நெருங்கும் வரை தள்ளிப் போடாமல், சேரும்போதே எழுத்தில் கொடுப்பது நன்று. 'உதவி செய்க' என்று பொதுவாக எழுதாமல், எந்தப் பாடத்தில் எந்தப் பகுதி தடையாக உள்ளது, அதற்கு ஈடாக எதனைச் செய்ய இயலும் என்று குறிப்பிடுக. மொழி விலக்குப் பெறுமுன், பிள்ளை பின்னர் நாடும் மேற்படிப்புக்கோ பணிக்கோ அம்மொழி தேவையா என்று விசாரித்துக்கொள்க. எளிதாயிருக்கும் என்பதற்காக மட்டும் ஒரு மொழியை இழப்பது விவேகம் அன்று. மறுப்பு வந்தால் அதனையும் எழுத்தில் பெறுக. அரசுக் கல்லூரியாயின் அங்கே குறைதீர் அலுவலர் இருத்தல் வேண்டும். அதற்கு மேல் அந்தந்த மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

நாம் வாழும் ஊர்கள்தோறும் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவும் நாடகமும் நடத்துகின்றன. கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் ஒரு நாளை ஒதுக்கி, இத்தகைய பிள்ளைகளின் விண்ணப்பங்களை எழுதித் தரவும் உடன் சென்று பேசவும் அச்சங்கங்கள் முன்வருமாயின், அவ்வூர் மொழி அறியாத எத்தனையோ பெற்றோருக்கு அது பெருந்துணையாகும்.